மேரு என்று எழுதினேன்

3 பிப்ரவரி 1953

நேற்றுப் பார்த்த கத்திச் சண்டைப் படத்தை இன்று மறுபடியும் பார்த்தேன். முதல் நாள் தரையில், இரண்டாம் நாள் நாற்காலியில். தரையில் உட்கார்ந்தால் சனங்கள் எங்கே சிரிக்கிறார்கள் என்று தெரியும். நாற்காலியில் உட்கார்ந்தால் நான் எங்கே கொட்டாவி விடுகிறேன் என்று தெரியும். இரண்டும் தெரியாமல் விமர்சனம் எழுதக் கூடாது என்று எனக்கு நானே விதித்துக்கொண்டது.

படம் முழுக்கச் சண்டை. வயிற்றில் வாள் பாய்ந்தவன் நாலு வரி வசனம் பேசிவிட்டுத்தான் சாகிறான். இன்று கோட்டை மதில் மேல் இரண்டு பேர் மோதிக்கொண்டிருந்தபோது, தரையிலிருந்து இரண்டு இளைஞர்கள் இருட்டில் எழுந்து இந்தப் பிரெஞ்சு ஊர் இந்தியாவோடு சேர வேண்டும் என்று கோஷம் போட்டார்கள். மேரின், அதாவது நகரசபைத் தலைவரின், ஆட்கள் வந்து தலைமுடியைப் பிடித்து வெளியே இழுத்துப் போனார்கள். படம் நிற்கவில்லை. வெளியே நடந்தது வாள் சத்தத்தில் கேட்கவில்லை. படம் விட்டு வரும்போது வாசல் மணலில் ஒரு பல் கிடந்தது, வேரோடு. அதைச் சுற்றிக்கொண்டு நடந்தேன்.

விமர்சனத்தில் இதற்கு இடமில்லை. படத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

5 பிப்ரவரி

காலை முழுவதும் எழுதினேன். எழுதுமுன் பட்டணத்துப் பத்திரிகைகளின் விமர்சனங்களை எடுத்துப் படித்தேன். எல்லாம் ஒரே அச்சு. முக்கால் பங்கு கதை. பிறகு இன்னார் நன்றாகச் செய்திருக்கிறார், பாட்டுக்கள் பரவாயில்லை, தயாரிப்பாளரின் முயற்சியைப் பாராட்ட வேண்டும். எழுதியவர் எந்த நாற்காலியில் உட்கார்ந்தார், எந்த இடத்தில் மனசு கலங்கினார், ஒன்றும் தெரியாது. படத்தைப் பார்க்காமலேயே இதை எழுதிவிடலாம்.

பிரெஞ்சுக் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளனாக இருந்த காலத்தில், சாட்சி கூண்டில் ஏறியதும் நீதிபதி சொல்லச் சொல்லி நான் தமிழில் சொல்லும் முதல் வாக்கியம்: "நீ பார்த்ததைச் சொல், கேள்விப்பட்டதைச் சொல்லாதே." படிக்கத் தகுந்த விமர்சனத்துக்கு வேறு இலக்கணம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் நான் எழுதுவது அப்படி இருக்கிறதா? சந்தேகம்தான். யார் படிக்கிறார்கள் என்பது அதைவிடச் சந்தேகம்.

துர்மந்திரி வேடம் போட்டவர் ஒருவர்தான் நடிகர். அவரைப் பற்றி, "மந்திரி மேரு போல் நிற்கிறார். மற்றவர்கள் அவர் காலடியில் கிடக்கும் கூழாங்கற்கள்" என்று எழுதினேன். மேரு பழைய உவமை. அடித்தேன். மறுபடி போட்டேன். வேறு தோன்றவில்லை.

வழக்கமான 'கடைசி வரிசை' என்ற புனைபெயரில் முத்து முகம்மதுவின் அச்சகத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் சினிமா பார்க்காதவர். கொட்டகை வாசலைக்கூட மிதித்ததில்லை. தன் வாரப் பத்திரிகையில் அரைப் பக்கம் நிரம்புகிறது, நானும் நண்பன், அதனால் போடுகிறார்.

7 பிப்ரவரி, சனி

பத்திரிகை வந்தது. மூன்றாம் பக்கத்தைப் படித்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தேன்.

"மந்திரி மேர் போல் நிற்கிறார்."

'ரு'வுக்குப் பதில் 'ர்'. அச்சுக்கோத்த நூகு பாயின் கை எழுத்துப் பெட்டியில் பக்கத்துக் குழிக்குப் போயிருக்கும். புரூப் பார்த்தது நான். கண் நான் எழுதியதையே படித்திருக்கிறது, அச்சில் இருந்ததை அல்ல. பார்த்ததைச் சொல் என்று பிறத்தியாருக்குச் சொன்னவன்.

வாக்கியம் எப்படி ஓடுகிறது என்று பார்க்கிறேன்: "மந்திரி மேர் போல் நிற்கிறார். மற்றவர்கள் அவர் காலடியில் கிடக்கும் கூழாங்கற்கள். கடைசியில் அவர் தலை உருளும்போது கொட்டகையே எழுந்து கைதட்டுகிறது."

எல்லைக்கு அப்பால் நாகப்பட்டினத்தில் இது வெறும் எழுத்துப்பிழை. ஒருவனும் நிமிர்ந்து பார்த்திருக்க மாட்டான். இங்கே மேர் என்றால் ஒரே ஆள். எங்கள் கம்யூன் நகரசபையை நடத்துகிறவர், ஓட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் தடியர்களை நிறுத்துகிறவர். பெயரை இந்த நோட்டில்கூட எழுதப் பயமாக இருக்கிறது.

ஒர்த்தான்ஸிடம் காட்டினேன். என் மனைவிக்கு எதற்கும் பதறும் பழக்கம் கிடையாது. "யாரு படிக்கப் போறா? போன வாரம் எழுதினத நானே படிக்கல" என்றாள்.

8 பிப்ரவரி, ஞாயிறு

எல்லோரும் படித்துவிட்டார்கள்.

டீக்கடையில் ஒருவன் உரக்கப் படிக்கிறான், சுற்றி நின்றவர்கள் 'கூழாங்கற்கள்' வந்ததும் தொடையில் தட்டிச் சிரிக்கிறார்கள். கருக்களாச்சேரியிலிருந்து மீன் கொண்டுவரும் அல்லிக்கு எழுத்து தெரியாது. கூடையை இறக்கிவைத்துவிட்டு ஒர்த்தான்ஸிடம் மூன்று வாக்கியத்தையும் சொல் பிசகாமல் ஒப்பித்தாளாம். மாதா கோவிலில் பூசை நடக்கும்போது பக்கத்திலிருந்த பென்ஷன்காரச் சிப்பாய் ஒருவர் என் காதருகே குனிந்து, கடைசி வரிசை யாரென்று தெரியுமா முசே (ஐயா என்பதற்கு இங்கே பிரெஞ்சுதான்), அவன்தான் ஆம்பளை என்றார். தெரியாது என்றேன். திவ்விய பலிபூசையில் பொய்.

பயத்துக்கு அடியில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. அதையும் எழுதாவிட்டால் இந்த நோட்டு எதற்கு?

9 பிப்ரவரி

முத்து முகம்மதுவிடம் அடுத்த இதழில் பிழைதிருத்தம் போடச் சொல்லிக் கேட்டேன். மேர் என்பதை மேரு என்று திருத்திப் படிக்கவும், அது ஒரு மலையின் பெயர். அவ்வளவுதான்.

அவர் சிரித்துச் சிரித்து இருமினார். "இத்தன வருசமா எழுதுறீங்க. இப்பதான் முசே ஊரு படிச்சிருக்கு. அத போயி தப்புன்னு சொல்லணுங்குறீங்களே."

ஆட்கள் வருவார்கள் என்றேன். வரட்டும் என்றார். கெஞ்சினேன். கடைசியில், எழுதிக் கொண்டாங்க, சின்ன எழுத்தில் போட்டுவிடுகிறேன் என்றார்.

10 பிப்ரவரி

ஒழுங்காக எழுத வேண்டும். நடந்த வரிசையில்.

காலையில் பிழைதிருத்தத்தை எழுதி ஜிப்பாப் பையில் வைத்துக்கொண்டு அச்சகத்துக்குப் போனேன். முத்து முகம்மது மேசையில் இருந்தார். நூகு பாய் அச்சுக்கோத்துக்கொண்டிருந்தார். நான் பையில் கைவிடும்போது நான்கு பேர் உள்ளே வந்தார்கள். முன்னால் மேரின் ஆள் கருப்பையன். அவன் அப்பனின் வழக்கில் நான்தான் மொழிபெயர்த்தேன். என்னைக் கண்டதும் தோள் துண்டை எடுத்தான்.

"முசே, நீங்க ஓரமா நில்லுங்க. மேல பட்டுரப் போவுது."

ஓரமாக நின்றேன்.

எழுத்துப் பெட்டிகளைக் கவிழ்த்தார்கள். ஈயம் கொட்டிய சத்தம்தான் இன்று கேட்ட பெரிய சத்தம். பிறகு கருப்பையன், கடைசி வரிசை யாரு பாய் என்று கேட்டான். குரல் உயரவில்லை. கடையில் விலை கேட்பதுபோல்.

முத்து முகம்மது என் பக்கம் பார்க்கவில்லை. "நான்தான்" என்றார்.

ஒருவன் இரும்புக் கோலால் முழங்காலில் அடித்தான். விழுந்தவரின் வாயில் உதைத்தான். இரண்டு பேர் தூக்கிப் பிடித்து அவருடைய வலது கையை, காலால் மிதித்து ஓட்டும் அச்சு மெஷினின் தட்டுக்குள் வைத்தார்கள். எதை மிதிப்பது என்று கருப்பையன் நூகு பாயிடம் கேட்டான். நூகு பாய் அழுதார். அவனே கண்டுபிடித்து மிதித்தான். தட்டு மூடித் திறந்தது. மறுபடி மிதித்தான். காகிதம் போட்டு எடுப்பதுபோல, நிதானமாக.

என் கை பையில்தான் இருந்தது. விரல்கள் காகிதத்தைப் பிடித்திருந்தன. இரண்டடி முன்னால் வந்து, நான் எழுதியது, மேரு என்று எழுதினேன் என்று சொல்லியிருந்தால் போதும். தமிழிலும் சொல்லத் தெரியும், பிரெஞ்சிலும் சொல்லத் தெரியும்.

போகும்போது கருப்பையன் என்னிடம், "வெயில் ஏறுறதுக்குள்ள வீட்டுக்குப் போங்க முசே" என்றான்.

11 பிப்ரவரி

சாப்பிட முடியவில்லை. எழுதவும்.

13 பிப்ரவரி

ஆஸ்பத்திரிக்குப் போனேன். வலது கையில் மூன்று விரல் எடுத்துவிட்டார்கள். முன்பற்கள் இல்லை. தூங்கிக்கொண்டிருந்தார்.

அவர் மனைவி ஆஸியா பீவி தலைமாட்டில் இருந்தாள். என்னை உட்காரச் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து, "இவுக எப்பங்க படம் பாத்தாக? கொட்டாயிப் பக்கமே போவாத மனுசனாச்சே" என்றாள். கேள்வியாகக் கேட்கவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டே சொன்னாள்.

அவளுக்குத் தெரியும்.

போலீஸ் கொமிசேர் வந்துவிட்டுப் போனாராம். சாட்சி யாரும் இல்லை என்று எழுதிக்கொண்டாராம். நூகு பாய் பயத்தில், தான் கொல்லைப்புறம் போயிருந்ததாகச் சொல்லிவிட்டார். திரும்பும் வழியில் கொமிசரியா, போலீஸ் நிலைய வாசல்வரை போனேன். சிப்பாய் என்ன வேணும் முசே என்றான். ஒன்றுமில்லை என்றேன்.

16 பிப்ரவரி

மேருவை நான் பார்த்ததில்லை. யாருமே பார்த்ததில்லை. அந்த நடிகர் எப்படி நின்றார் என்று நான் எழுதவே இல்லை. இடது காலில் பாரத்தைப் போட்டு, எதிரில் நிற்கிறவனைப் பார்க்காமல் அவன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதுதான் அவர் நடிப்பு. கண்ணால் பார்த்தேன். பார்த்ததை விட்டுவிட்டு, பள்ளிக்கூடத்தில் படித்த மலையைத் தூக்கிவைத்தேன். சோம்பேறித்தனத்துக்கு ஒரு மனிதனின் மூன்று விரல்.

நூகு பாயின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் தவறு ஒரு எழுத்து. என் தவறு அந்தச் சொல்.

4 மார்ச்

ஊர் முத்து முகம்மதுவைக் கொண்டாடுகிறது. இரண்டு விரல் மிஞ்சிய வலது கையோடு வீடு திரும்பியவருக்கு வாழைத்தாரும் இளநீரும் அனுப்புகிறார்கள். அவர் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. ஊருக்கும் சொல்லவில்லை, எனக்கும் எதுவும் சொல்லவில்லை. உடம்பு எப்படி முசே என்று என்னை விசாரிக்கிறார். இதைவிட என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

7 மார்ச்

புதுப் படம் வந்திருக்கிறது. ஈஸ்டருக்கு முந்திய தபசுகாலத்தில் நான் கொட்டகைக்குப் போவதில்லை. இன்று போனேன். ஒர்த்தான்ஸ் செருப்பை எடுத்து வைத்தாள்.

சாதாரணக் குடும்பக் கதைதான். நடுவில் ஒரு நல்லவனை ஆறு பேர் சேர்ந்து அடிக்கிறார்கள். ஒவ்வொரு அடிக்கும் பறை முழங்குவதுபோல் சத்தம். அடிக்கிறவர்கள் உறுமுகிறார்கள். அடிபட்டவன் உதட்டோரம் ஒரு கோடு ரத்தத்தோடு தர்மத்தைப் பற்றிப் பேசுகிறான். தரையில் விசில். வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன்.

நாளை நாற்காலியில் பார்க்க வேண்டும்.

9 மார்ச்

எழுதிவிட்டேன். ஒரே மூச்சில். அடித்தல் திருத்தல் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவை. இதில் ஒரு உவமைகூட இரவல் இல்லை. அந்தப் பகுதியை இங்கே பிரதி செய்து வைக்கிறேன்.

"இப்படத்தை எடுத்தவர் ஒரு மனிதன் அடிபடுவதைப் பார்த்ததில்லை. நான் பார்த்தேன், சென்ற பிப்ரவரி பத்தாம் தேதி, இப்பத்திரிகையின் அச்சகத்தில். அதனால் சொல்கிறேன். அடிக்குச் சத்தம் கிடையாது. விரல் முறியும்போது பாக்கு வெட்டும் சத்தம்தான் வரும். அடிக்கிறவர்கள் உறுமுவதில்லை, மரியாதையாகப் பேசுவார்கள். அடிபடுகிறவர் வசனம் பேசுவதில்லை. அவர் தம் பல்லைத் தரையில் தேடுவார். இன்னொருவன் உண்டு, அவனை எந்தப் படத்திலும் காட்டுவதில்லை. அவன் ஓரமாக நின்று பார்ப்பவன். அன்று அப்படி நின்றவன் நான். அடி வாங்கியிருக்க வேண்டியவனும் நானே. இந்தப் பாத்திரம் இல்லாத சண்டைக் காட்சி எதுவும் உண்மையல்ல. நடித்தவர்களின் பெயரைக் கடைசியில் போடுவது விமர்சன வழக்கம். போடுகிறேன்."

கீழே நான்கு பெயர். கருப்பையன் முதலில். மிதித்தவர் என்று அடைப்புக்குறிக்குள்.

அதற்கும் கீழே என் பெயர். ஒர்த்தான்ஸ் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள். "பேர் போடணுமா?" என்றாள். போட வேண்டும் என்றேன்.

"போட்டா முழுப்பேரா போடுங்க. ஊர்ல நாலு ஆர்மான் இருக்காங்க. வேற எவனாச்சும் அடி வாங்கப் போறான்."

லூயி ஆர்மான் ஞானாதிக்கம் என்று எழுதினேன். கடைசி எழுத்து சரியாக விழவில்லை. மறுபடி எழுதினேன்.

10 மார்ச்

முத்து முகம்மது இடது கையில் தாளைப் பிடித்துப் படித்தார். "முசே, இது படத்தப் பத்தின விமர்சனந்தானா?" என்றார். ஆமாம், படத்தைப் பற்றித்தான் என்றேன். தாளை மேசையில் வைத்தார். "அப்ப மூணாம் பக்கத்துலயே போடுவோம்."

நூகு பாய் தரையிலிருந்து அள்ளிக் கழுவிய எழுத்துக்களை வைத்து ஒரு தாள் போடலாம் என்கிறார். சில எழுத்து போதவில்லை. இரண்டு இடத்தில் சொல்லை மாற்றிக் கொடுத்தேன். புரூப்பை எழுத்து எழுத்தாகப் பார்த்தேன், கடைசியிலிருந்து முன்னால்.

14 மார்ச், சனி

வந்துவிட்டது. பிழை ஒன்றும் இல்லை.

தெரு சத்தமில்லாமல் இருக்கிறது. டீக்கடையில் உரக்கப் படிக்கவில்லை, தாள் கைமாறுகிறது. பயமாக இருக்கிறது. எதற்காக இதைச் செய்தேன்? திங்கட்கிழமை கொமிசேரிடம் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்து, சாட்சி நான் என்று சொல்ல வேண்டும். அதற்குள் அவர்கள் வராமல் இருந்தால்.

23 மார்ச்

இவர் சொல்கிறார், நான் எழுதுகிறேன். ஒர்த்தான்ஸ்.

நடந்த வரிசையில் எழுதச் சொல்கிறார். போன திங்கட்கிழமை காலை இவர் கோட்டு மாட்டிக்கொண்டு கிளம்பும்போது கருப்பையன் இரண்டு பேரோடு வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றினான். இவரை நாற்காலியில் உட்காரச் சொன்னான். எனக்கு இதில் எழுத்துப்பிழை வரும், அதை அப்படியே விடச் சொல்லிவிட்டார்.

கருப்பையன் தணிந்த குரலில் பேசினான். மேர் இரண்டையும் படித்துவிட்டாராம். முதலில் வந்தது அச்சுப்பிழை என்று சிலர் சொல்கிறார்களாம், மலையாமே. "அப்படின்னா அத மட்டும் எழுதிக் குடுத்துருங்க முசே. ரெண்டாவதும் வயசுக் கோளாறுல எழுதிட்டேன்னு சொல்லிருங்க. நாங்க போயிடுறோம்."

நான் உள்ளே இருந்து கும்பிட்டேன், எழுதிக் கொடுத்துவிடட்டும் என்று. இதை இவர் சொல்லவில்லை, நானாக எழுதுகிறேன்.

இவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "அச்சுல பிழைதான் கருப்பையா. படிச்சுப் பாத்தேன், சரியாத்தான் இருக்கு."

வலது மணிக்கட்டை நாற்காலிக் கையின் மேல் வைத்து உடைத்தார்கள். பிறகு கீழே தள்ளி விலாவில் மிதித்தார்கள். நான் அரிவாள்மனையோடு ஓடி வந்தேன், ஒருவன் என்னைச் சுவரில் மோதினான். என் நெற்றியில் நாலு தையல். இவர் கத்தவில்லை என்று எழுதச் சொல்கிறார். கத்தினார். தெருவே கேட்டது. எதிர்வீட்டு ரோஷன் பேகம்தான் முதலில் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். அப்புறம் கதவு கதவாகத் திறந்தது. அவர்கள் செருப்பைப் போடாமல் ஓடினார்கள்.

கொமிசேர் வீட்டுக்கே வந்து எழுதிக்கொண்டு போனார். சாட்சி இப்போது இவர், நான், ரோஷன் பேகம். நூகு பாயும் தான் கொல்லைப்புறம் போகவில்லை என்று சொல்லிவிட்டாராம்.

19 ஏப்ரல், ஞாயிறு

இன்றும் என் எழுத்துதான். கட்டுப் பிரிக்க இன்னும் நாள் இருக்கிறது.

நேற்று இவரைக் கொட்டகைக்குக் கூட்டிப்போனேன். முதல் தடவையாகத் தரையில் உட்கார்ந்தேன், இடுப்பு வலிக்கிறது. கருப்பையனும் இருந்தான், நாற்காலியில். அவனை இன்னும் ஒன்றும் செய்யவில்லை. வழக்கு அடுத்த மாதம் என்கிறார்கள். இவரைப் பார்த்தான். இவர் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

படத்தில் சண்டை வந்தது. முதல் அடிக்குத் தடால் என்று சத்தம். விசில் இல்லை. தரையின் முன்பக்கத்திலிருந்து ஒரு பெண்குரல், மீன்கார அல்லிதான், "பாக்கு வெட்டுற சத்தம் வரலியே" என்றது. ஒருவர் சிரித்தார். பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு அடிக்கும் இருட்டில் ஒரு நாக்குச் சத்தம், பாக்கு வெட்டுவதுபோல். முதலில் அங்கொன்று இங்கொன்று. பிறகு தரை முழுக்க. கருப்பையன் திரும்பித் திரும்பிப் பார்த்தான். யார் என்று பார்க்க முடியவில்லை அவனால். இடைவேளைக்கு விளக்குப் போட்டபோது அவன் நாற்காலி காலியாக இருந்தது.

இவர் வீட்டுக்கு வந்ததும் விமர்சனம் சொல்ல ஆரம்பித்தார். கதையில் ஓட்டை, நாயகிக்கு வேலையே இல்லை, இசை காதைப் பிடுங்குகிறது. எழுதிக்கொண்டே வந்தேன். நாயகியைப் பற்றிச் சொன்ன இடத்தில் நிறுத்தி, நீங்கள் பார்க்கவே இல்லை, அந்தப் பெண் கிணற்றடியில் குடத்தைக் கீழே வைக்காமலே ஒரு பதில் சொல்கிறாளே, படத்தில் அதுதான் நன்றாக இருந்தது என்றேன்.

கண்ணை மூடி யோசித்தார். எனக்குத் தெரியவில்லையே, அப்போது நான் கருப்பையனைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றார். பிறகு, "நீ பாத்தியா?" என்று கேட்டார்.

பார்த்தேன் என்றேன்.

"அப்ப நான் சொன்னத அடிச்சிட்டு அத எழுது" என்கிறார்.